கேம் நைட்டுக்கு என்ன சமைக்கலாம்? ஒரு கையில் பிடித்துச் சாப்பிட 5 உணவுகளும், சமைப்பவரும் ஆட்டத்தில் உட்கார ஒரு திட்டமும்

டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை வீடு. சனிக்கிழமை இரவு. ஆறு நண்பர்கள், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கேரம் போர்டு. அன்றைக்கு நான்தான் வீட்டுக்காரர். 'எல்லாரும் ஊர் சாப்பாட்டுக்கு ஏங்கிப் போயிருக்காங்க, சூடா தோசை ஊத்தலாம்' என்று முடிவு செய்தேன். தோசை நன்றாகவே வந்தது. ஆனால் அந்த இரவில் நடந்த நாலு ஆட்டத்தில் ஒன்றில்கூட நான் உட்காரவில்லை. சாம்பார் பட்ட இரண்டு சீட்டுகளை மறுநாள் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

தப்பு தோசை மேல் இல்லை. ஒவ்வொன்றாகச் சுட்டு, சூடாகப் பரிமாறி, தொட்டுக்கொள்ள இரண்டு வகை வைக்க வேண்டிய உணவு, இந்த மாதிரி இரவுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். சரி, எது பொருந்தும்? எத்தனை செய்ய வேண்டும்? எப்போது செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் ஆடுகிறார்கள், யார் அடுப்படியில் இருக்கிறார்கள்?

சமையல் குறிப்புக்கு முன்னால் ஒரு புள்ளிவிவரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம், முந்தைய 24 மணி நேரத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்ட ஆய்வு அது. சமையல், சுத்தம் செய்தல் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம். ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

நம் கேம் நைட்டிலும் இதே கணக்கு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். 'நீங்க ஆடுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது பெரும்பாலும் யார் என்று உங்கள் வட்டத்தில் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். கையில் பிடித்துச் சாப்பிடும் உணவுக்கு இதனால்தான் ஒரு மதிப்பு இருக்கிறது. முன்கூட்டியே செய்து வைக்கலாம், யார் வேண்டுமானாலும் சூடாக்கலாம், கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு.

சாண்ட்விச்சுக்கும் சீட்டாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆடிக்கொண்டே சாப்பிட ஒரு வழி தேடுவது பழைய பிரச்சினை. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் மாண்டேகு என்ற பிரபு இருந்தார். சாண்ட்விச் என்ற ஊரின் பெயரில் அமைந்த பட்டத்துக்கு நான்காவது வாரிசு. அவர் சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே மாட்டிறைச்சி வைத்துச் சாப்பிட்டார் என்பது பிரபலமான கதை. இதைப் பரப்பியது, லண்டனைச் சுற்றிப் பார்த்த பியர் ழான் க்ரோஸ்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1770-ல் வெளியிட்ட பயண நூல்.

பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய என்.ஏ.எம். ராட்ஜர் இந்தக் கதையை அப்படியே ஏற்கவில்லை. கடற்படை நிர்வாகத்தில் மூழ்கியிருந்த அவர் அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார். சீட்டோ கோப்போ, ஒரு கை வேலையில் இருக்க, இன்னொரு கையால் சாப்பிட வேண்டியிருந்தது என்பதில் மாற்றமில்லை.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் கொல்கத்தா ரோல். நியூ மார்க்கெட் பக்கத்தில் 1932-ல் தொடங்கிய நிஜாம்ஸ் உணவகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் உணவு இது. கபாபைப் பரோட்டாவில் சுருட்டிக் கொடுத்தார்கள். நாம் 'கத்தி ரோல்' என்று சொன்னாலும், வெட்டும் கத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. வங்காள மொழியில் அந்தச் சொல்லுக்குக் குச்சி என்று பொருள். கபாபைச் சுடும் மூங்கில் குச்சியிலிருந்து வந்த பெயர். கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய கன்னாட் பிளேஸில் இன்று இந்த ரோல் கிடைக்காத சந்து குறைவு.

நம் ஊரில் இது இல்லையா?

இருக்கிறது. கோல் மார்க்கெட்டின் கதையே அதைச் சொல்லும். நடுவில் நிற்கும் பன்னிரண்டு பக்கக் கட்டடம் 1921-ல் கட்டப்பட்டது. 'கோல்' என்றால் இந்தியில் வட்டம். புதிய தலைநகரின் அரசு ஊழியர் குடியிருப்புகள் இதைச் சுற்றித்தான் வந்தன. அங்கே தென்னிந்தியக் குமாஸ்தாக்களின் குடும்பங்களும் குடியேறின. தென்னிந்தியக் குழந்தைகள் படிக்க 1923-ல் தொடங்கிய முயற்சிதான் இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். அதன் பள்ளிகளில் ஒன்று, பக்கத்திலேயே மந்திர் மார்க்கில் இருக்கிறது.

அந்தக் குடும்பங்கள் ஊருக்கும் டெல்லிக்கும் ரயிலில் போய் வந்தன. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இப்போதும் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகிறது. அந்தப் பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு என்ன? மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. சட்னி வேண்டாம், தட்டு வேண்டாம், ஆறினாலும் ருசி போகாது. ஆடும் குலுக்கலில் மடியில் சிந்தாது. ரயிலுக்குச் சரியாக இருந்த அந்த உணவு கேரம் போர்டு பக்கத்திலும் சரியாக இருக்கும்.

ஒரு உணவு கேம் நைட்டுக்குப் பொருந்துமா? 4 கேள்விகள்

1. ஒரு கையால் சாப்பிட முடியுமா? இன்னொரு கையில் சீட்டு இருக்கிறது.
2. சாப்பிட்ட பிறகு விரலில் எண்ணெயோ மசாலாவோ ஒட்டுமா? ஒட்டினால் குச்சியோ காகிதமோ வேண்டும்.
3. அரை மணி நேரம் ஆறினாலும் நன்றாக இருக்குமா? ஆட்டம் சூடு பிடித்தால் யாரும் தட்டைப் பார்க்க மாட்டார்கள்.
4. வயிறு நிறையுமா? சிப்ஸும் மிக்சரும் முதல் மூன்று கேள்வியில் ஓரளவு தேறினாலும் இங்கே தோற்றுவிடும். 10 மணிக்கு எல்லோரும் ஆப்பில் பிரியாணி தேட ஆரம்பிப்பார்கள்.

இந்த அளவுகோலில் பானி பூரி, தயிர் சேர்த்த சாட், கிரேவி, நூடுல்ஸ் எல்லாம் வெளியே. உதிரும் பஃப்ஸும் போர்டு மேல் கொட்டும். கீழே உள்ள ஐந்தும் தேறும். அளவுகள் ஆறு பேருக்கு.

1. குச்சியில் பொடி இட்லி

12 இட்லி போதும். வெந்ததும் வெட்டாதீர்கள், உடையும். அரை மணி நேரம் ஆறவிட்டு ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 48 துண்டு. வாணலியில் 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. அடுப்பைச் சிறியதாக்கி 4 மேசைக்கரண்டி மிளகாய்ப் பொடி போட்டு, இட்லியைச் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள். பொடி கருகினால் கசக்கும், ஆகவே அரை நிமிடம் போதும். ஒரு குச்சியில் இரண்டு துண்டு குத்தி வையுங்கள். ஆளுக்கு நாலு குச்சி வரும், விரலில் எண்ணெய் படாது.

2. பரோட்டா ரோல்

ஃப்ரோசன் மலபார் பரோட்டா இப்போது டெல்லியில் எளிதாகக் கிடைக்கிறது. 9 பரோட்டா, 500 கிராம் பனீர் அல்லது 600 கிராம் எலும்பில்லாத சிக்கன். கட்டித் தயிர், மிளகாய்த்தூள், சீரகத்தூள், உப்பு சேர்த்து ஊறவைத்து, தண்ணீர் முழுக்க வற்றும்வரை தவாவில் வதக்குங்கள். முக்கியமான கட்டம் இதுதான். உள்ளே ஈரம் இருந்தால் பத்து நிமிடத்தில் ரோல் நனைந்து கிழியும். வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிசறி, பிழிந்துவிட்டுச் சேருங்கள். சாஸ் ஊற்ற வேண்டாம்.

சுருட்டியதும் பாதியாக வெட்டி, வெட்டாத நுனி கீழே வரும்படி பட்டர் பேப்பரில் சுற்றி, காகிதத்தின் அடிப்பக்கத்தை மடித்து மூடுங்கள். அடி திறந்திருந்தால் எல்லாம் மடியில்தான். 18 பாதி வரும், ஆளுக்கு மூன்று.

3. குழிப்பணியாரம்

இரண்டு மூன்று நாளான புளித்த இட்லி மாவுக்கு இதைவிட நல்ல முடிவு இல்லை. 3 கப் மாவில் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய கேரட், தாளித்த கடுகு, கடலைப்பருப்பு. ஏறக்குறைய 30 பணியாரம் வரும். 12 குழி உள்ள கல்லில் மூன்று ஈடு, ஈட்டுக்கு ஐந்தாறு நிமிடம். காரம் உள்ளேயே இருப்பதால் சட்னி கேட்க மாட்டார்கள். கேட்டால், கெட்டியான தேங்காய்ச் சட்னி ஒரு சின்னக் கிண்ணத்தில், போர்டிலிருந்து தள்ளி.

4. இலங்கை ரோல்ஸ்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேக்கரிக்குப் போனால் 'ஷார்ட் ஈட்ஸ்' என்ற பெயரில் இது இருக்கும். கனடாவின் ஸ்கார்பரோவில் உள்ள தமிழ்க் கடைகளிலும் இருக்கும். மெல்லிய மைதா அப்பத்துக்குள் உருளைக்கிழங்கோடு மீன் அல்லது இறைச்சி மசாலா வைத்து, கடித உறை மாதிரி மடித்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். கொஞ்சம் வேலை உண்டு. ஆனால் பொரிப்பது தவிர எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆளுக்கு இரண்டு, மொத்தம் 12. டின் மீன் ஒன்றும் நடுத்தர உருளைக்கிழங்கு நான்கும் உள்ளே வைக்கப் போதும். மீனின் தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள்.

5. பாசிப்பருப்பு சில்லா ரோல்

டெல்லி நண்பர்களுக்குப் பழக்கமான உணவு. நமக்கு அடையின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். 2 கப் பாசிப்பருப்பை மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்து மெல்லிய தோசையாக ஊற்றுங்கள். உள்ளே உதிர்த்த பனீர், நறுக்கிய குடைமிளகாய், கொத்தமல்லி. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லை. கோதுமையும் இல்லை.

ஐந்தையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். வயிறு நிறைய ஒன்று, கொறிக்க ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று. இந்த மூன்று போதும். கோல் மார்க்கெட்வாசிகளுக்குக் கடைசி வேலை சுலபம். காலேவா, பங்களா ஸ்வீட் ஹவுஸ் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. சமோசா, கச்சோரி மாதிரி உலர்ந்த வகையாக வாங்குங்கள். இனிப்பு வேண்டுமானால் பர்ஃபி வாங்கலாம். ரசகுல்லாவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பே கேட்க வேண்டியவை

வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு நாள் முன்பே ஒரு கேள்வி போடுங்கள்: 'யார் யார் என்னென்ன சாப்பிட மாட்டீங்க?' 'வெஜ்ஜா நான்-வெஜ்ஜா' என்று மட்டும் கேட்பது போதாது. முட்டை சாப்பிடும் சைவர் உண்டு, சாப்பிடாதவர் உண்டு. சமண நண்பர்களில் பலர் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு தவிர்ப்பார்கள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிடாதவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வருகிறார் என்றால், ஆட்டத்தை மாலை 4 மணிக்கு வைத்துப் பாருங்களேன். ஹலால் இறைச்சிதானா என்று யாருக்காவது தெரிய வேண்டியிருக்கலாம். கோதுமை ஒவ்வாதவருக்குப் பொடி இட்லி சரி என்று நினைப்போம். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பொடியிலும் அது இருக்கும். டப்பாவின் லேபிளைப் பாருங்கள்.

பரிமாறும்போது சைவத்தையும் அசைவத்தையும் தனித் தட்டில் வையுங்கள். வெட்டும் கத்தியும் தனியாக இருக்கட்டும். சுற்றிய ரோல் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். காகிதத்தில் பேனாவால் 'ப' அல்லது 'சி' என்று எழுதிவிடுங்கள். அடுத்தவர் நம்பிக்கையைக் காப்பாற்றும் விஷயம், ஒரு எழுத்தில் முடிந்துவிடும்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அறையே 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 1 மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. மே, ஜூன் மாதங்களில் டெல்லியில் இரவு 9 மணிக்கும் அந்தச் சூடு சாதாரணம். ஏசி இல்லாத மொட்டை மாடி ஆட்டம் என்றால் இந்த ஒரு மணி நேரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கன், முட்டை, மீன், பனீர், தேங்காய்ச் சட்னி இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மேசையில் குவிக்காமல், பாதியை முதலில் வையுங்கள். மீதிப் பாதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இரண்டாவது சுற்றுக்கு எடுக்கும்போது, நடுவிலும் ஆவி வரும்வரை சூடாக்குங்கள்.

எதில் சுற்றலாம்?

செய்தித்தாளில் வேண்டாம். செய்தி எழுதிப் பிழைக்கும் நானே இதைச் சொல்கிறேன். அச்சு மையில் ஈயம் உள்ளிட்ட ரசாயனங்கள் இருக்கலாம், சூடான எண்ணெய்ப் பண்டத்தில் அவை இறங்கும். உணவைச் சுற்றவும் மூடவும் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகளே சொல்கின்றன. பட்டர் பேப்பர் போதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன் போன்றவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையில் உள்ளன. கையில் பிடித்துச் சாப்பிடும்போது அவை தேவையும் இல்லை.

கேரம் ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கேரம் பவுடர்கள் போரிக் அமிலத்தால் ஆனவை. அது வயிற்றுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை. எண்ணெய்க் கை போர்டைக் கெடுக்கும், பவுடர் கை வயிற்றைக் கெடுக்கும். கேரம் இருந்தால் சாப்பாட்டை ஆட்டத்துக்கு நடுவே வைக்காமல், ஆட்டம் முடிந்து கை கழுவிய பிறகு வையுங்கள்.

ஆட்டம் 7.30-க்கு என்றால்?

• முந்தைய நாள் இரவு: சிக்கன் அல்லது பனீரை மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரோல்ஸ் செய்வதாக இருந்தால் சுருட்டி வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• மாலை 5.00: இட்லி ஊற்றி ஆறவிடுங்கள். பட்டர் பேப்பரை வெட்டி வையுங்கள்.

• 5.45: ரோலுக்கு உள்ளே வைப்பதை வதக்குங்கள். பாதியை எடுத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

• 6.30: பரோட்டாக்களைச் சுட்டு, முதல் பாதியைச் சுருட்டி ஹாட்பாக்ஸில் வையுங்கள். இட்லியில் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மற்ற பாதியைப் பொடியில் புரட்டுங்கள்.

• 7.15: தண்ணீர், டிஷ்யூ, குப்பைக்கு ஒரு பை. அடுப்பை அணையுங்கள்.

• 7.30: நீங்களும் உட்காருங்கள்.

• 9.00: இரண்டாவது சுற்று. இதை வீட்டுக்காரர் செய்யக் கூடாது. முந்தைய ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து போய்ச் சூடாக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தக் கடைசி விதி மூன்று மாதமாக அமலில் இருக்கிறது. தவாவைப் பற்றவைக்கத் தெரியாது என்று சொன்ன இரண்டு பேர் இப்போது பரோட்டாவைக் கருகாமல் சுடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பணியாரக் கல் வாங்கிவிட்டார். போன சனிக்கிழமை நான் ஐந்து ஆட்டம் ஆடினேன். நாலில் தோற்றேன். எழுந்து போய்ச் சூடாக்கியதும் நான்தான். ஆனால் இந்தத் தடவை தோற்றதால்தான் போனேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.